போகி அன்னைக்கு மட்டும் சென்னையில ஏன் அவ்ளோ புகை?
எரிக்கிறது மட்டும் காரணம் இல்லங்க, மார்கழிக் குளிரும் கூட்டு சேருது. விடிகாலைல தரையோரக் காத்து குளிர்ந்து கனமா கெடக்கும், அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து மூடி போட்ட மாதிரி உக்காந்துக்கும், அதனால புகை மேல போக வழியில்லாம பனியோட கலந்து தெருவுலயே நிக்கும். 2018 போகில ஃப்ளைட்டே எறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க!

பழைய பாய், தென்னமட்டை எரிச்ச காலம் வேற, இப்ப டயரு, ரெக்சின், உடைஞ்ச பிளாஸ்டிக் சேர்னு தூக்கிப் போடுறாங்க. எங்க தெருவுல போட்ட கோலத்து மேலயே கரித்துகள் படிஞ்சு கெடக்கும். 2.5 மைக்ரானுக்கும் சின்னத் தூசி மூக்குல நிக்காது, நேரா நுரையீரல் அடிவரைக்கும் போயிடும். வீசிங் இருந்தா வெயில் ஏறுற வரைக்கும் ஜன்னல சாத்திட்டு உள்ளயே இருங்க, துணி மாஸ்க் பத்தாது, என்95 போடுங்க. பழைய டயரெல்லாம் முன்னாடியே மாநகராட்சி வண்டில குடுத்துடலாம்.