அம்மாவின் குளிசை

அன்புள்ள அக்கா,

மருந்துக் கம்பனிகள் ஏழை நாடுகளுக்கு விலையைக் குறைக்க வேண்டுமென்று ஒரு மனு சுற்றுகிறது. திருகோணமலையில் இருந்து நான் கையெழுத்துப் போட்டு எவன் குறைக்கப் போகிறான்? லாபம் இல்லாவிட்டால் புது மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள்? அம்மாவுக்குச் சலரோகமும் பிரஷரும். அரசாங்கக் கிளினிக்கில் சும்மா தரும் குளிசை வேலை செய்யாது என்பதால் வெளியில் கம்பனி மருந்துதான் வாங்குகிறோம். சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது.
ஒரு வாசகன், உவர்மலை

தம்பி,

கையெழுத்தைப் போடும். மலிவு மருந்தை இறக்குமதி செய்ய வழிவிட்டு 1997இல் தென்னாபிரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மறுவருசமே கம்பனிகள் மண்டேலாவின் அரசுமேல் வழக்குப் போட்டன. 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா என்ற மருந்துக் கம்பனி, வருசத்துக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் கூட்டு மருந்தை 350 டொலருக்குத் தருவதாகச் சொன்னது. அடுத்த மாதம் பிரிட்டோரியாவில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது நோயாளிகளே தெருவில் இறங்கினார்கள். உலகமெங்கும் கூச்சல். ஏப்ரலில் 39 கம்பனிகளும் வழக்கை மீளப்பெற்றன. இரக்கம் சுரந்து அல்ல, மானம் போனதால்.

ஆராய்ச்சிச் செலவுக் கதையை விடும். அதைச் சொல்லக் கம்பனியே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது கிளினிக் குளிசையைப் பற்றி எழுதியதைப் பார்த்துத்தான். வேலை செய்யாது என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டு மாமியா?

என் அப்பாவும் இதையே சொன்னவர். பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவார், வரிசையில் நிற்பார், குளிசையை வாங்கி வந்து பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார். குடிப்பது பார்மசியில் வாங்கிய கம்பனிக் குளிசை. மாதக் கடைசியில் காசு முட்டுப்பட்டால் பேப்பரை விரித்து, பிளேட்டால் அதைப் பாதியாக வெட்டுவார். சிந்திய தூளை ஈரவிரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வார். கிளினிக் உறையில் பேனாவால் எழுதியிருந்த பெயரும், கம்பனி அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தும் ஒன்றுதான். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின், அதே ஐந்து மில்லிகிராம். காட்டினேன். "இலவசமாகத் தாறது எப்பிடிப் பிள்ளை நல்லதா இருக்கும்?" என்றார். ஒருநாள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. டின் நிறையக் குளிசை இருந்த வீட்டில்!

சலரோகத்துக்கான மெட்போமினும் அம்லோடிபினும் காப்புரிமை முடிந்து எத்தனையோ வருசமான மருந்துகள். யாரும் செய்யலாம். பிறகும் நீர் பெயருக்குக் காசு கட்டுகிறீர். நம் நாட்டு மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இதை அப்போதே பிடித்துவிட்டார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, வியாபாரப் பெயர்களை ஒதுக்கி, தேவையான மருந்தை அதன் சொந்தப் பெயரில் உலகச் சந்தையில் விலை கேட்டு மொத்தமாக வாங்க வைத்தார். கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1977இல் ஆட்சி மாறியது, அதே வருசம் அவரும் கயானாவில் இறந்தார். வியாபாரப் பெயர்கள் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்துகொண்டன.

சரி, அரசாங்கம் வாங்குவதெல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்பு ஊசி மருந்தை வாங்கிய விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024இல் கைதானார். அந்தப் பயம் நியாயம். அதற்காக, வாங்குகிற மருந்தைப் பரிசோதி என்று சத்தம் போடவேண்டும். உம்மைப்போல படித்தவர்கள் காசைக் கொடுத்துத் தனியார் கடைக்கு ஓடினால் கிளினிக் வரிசையில் சத்தம் போட யார் மிச்சம்?

நாளைக்கு இரண்டு மருந்தையும் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டும். கேட்காமல் நீராக எதையும் மாற்றவேண்டாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதும். மனுவின் இணைப்பையும் அனுப்பும், நானும் போடுகிறேன்.