கற்பனை நாட்டை ஆள்வோர் கேட்கும் கேள்விகள்

இணையத்தில் சொந்தமாக ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி, சட்டம் போட்டு, உலகெங்கும் உள்ள மற்ற ஆட்டக்காரர்களோடு கூட்டணி சேரும் விளையாட்டு 'நேஷன்ஸ்டேட்ஸ்'. ஆஸ்திரேலிய நாவலாசிரியர் மாக்ஸ் பேரி 2002 நவம்பரில் தொடங்கியது. பிரவுசர் இருந்தால் போதும், பணம் கட்ட வேண்டாம். பொம்மைப் படைகளோ வரைபடமோ இதில் கிடையாது, எல்லாமே எழுத்துதான். அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இப்போதுதான் தொடங்கப் போகிறேன். முதல் நாளில் எதில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பெயரில். கொடி, நாணயம், தேசிய விலங்கு, முழக்கம் ஆகியவற்றைப் பிறகு செட்டிங்ஸ் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். நாட்டின் பெயரை மட்டும் மாற்ற முடியாது. 40 எழுத்துக்குள், ரோமன் எழுத்திலும் எண்ணிலும்தான் வைக்க முடியும். தமிழ் எழுத்தை ஏற்காது. தமிழ்ப் பெயர் வைக்க ஆசைப்பட்டால், அதில் வரும் ழகரத்தையும் நெடில்களையும் ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை முதலிலேயே தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். மற்றவர்கள் உங்களைத் தேடும்போது அதே எழுத்துக் கூட்டலைத்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

அடுத்து, கொள்கை பற்றிய சிறு கேள்விப் பட்டியல் வரும். அது தொடக்க நிலையை மட்டுமே தீர்மானிக்கும், மனம்போல் பதில் சொல்லுங்கள். மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயம் கொடுங்கள். அது இல்லாமல் பின்னர் வேர்ல்ட் அசெம்பிளியில் (நாடுகள் கூடித் தீர்மானங்களுக்கு வாக்களிக்கும் சபை) சேர முடியாது, கடவுச்சொல்லை மறந்தாலும் மீட்க முடியாது.

நாடு 50 லட்சம் மக்களோடு பிறக்கும். பெரும்பாலும் பசிபிக் என்ற பெயர் கொண்ட பெரிய மண்டலங்களில் (நாடுகள் கூடி இருக்கும் குழுக்களில்) ஒன்றில்தான் கண் விழிப்பீர்கள். சில நிமிடங்களிலேயே 'எங்கள் மண்டலத்துக்கு வாருங்கள்' என்று டெலிகிராம்கள் (ஆட்டத்துக்குள் அனுப்பும் செய்திகள்) குவியும். பயப்படாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான். ஆள்சேர்ப்பு டெலிகிராம்களைத் தடுக்க செட்டிங்ஸில் வசதி உண்டு. முதலில் வந்த அழைப்பை நம்பி உடனே இடம் மாறாமல், அந்த மண்டலத்தின் செய்திப் பலகையைத் திறந்து கடைசிப் பதிவு எப்போது வந்தது என்று பாருங்கள். பலகையில் பேச்சே இல்லாத மண்டலத்தில் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது.

தலைநகரின் பெயரை நீங்களே வைக்க மக்கள்தொகை 25 கோடி ஆக வேண்டும். தலைவருக்கு 50 கோடி, மதத்துக்கு 75 கோடி. மக்கள்தொகை நாள்பட்டுத் தானே வளரும், அதை விரைவுபடுத்தக் குறுக்குவழி கிடையாது.

கேள்வி: மக்களுக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுத்தேன். நாட்டின் வகை 'அனார்க்கி' என்று வந்துவிட்டது, வேறொரு நாட்டில் நல்லது எதற்கும் 'சரி' சொன்னேன், வரி ஏறிக்கொண்டே போகிறது. எங்கே பிசகினேன்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

இரண்டு நாட்டிலும் ஆட்டம் நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. குடிமை உரிமைகள், பொருளாதாரச் சுதந்திரம், அரசியல் சுதந்திரம் என்று மூன்று அளவைகள். ஒவ்வொன்றும் குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்று நிலை. மொத்தம் 27 வகை அரசுகள். மூன்றும் மிகுதியானால் அனார்க்கி (அரசற்ற நிலை), மூன்றும் அடிமட்டமானால் 'சைக்காட்டிக் டிக்டேட்டர்ஷிப்' (வெறிபிடித்த சர்வாதிகாரம்), மூன்றும் நடுவில் நின்றால் 'இன்அஃபென்சிவ் சென்ட்ரிஸ்ட் டெமாக்ரசி' (யாரையும் நோகடிக்காத நடுநிலை ஜனநாயகம்). பொருளாதாரச் சுதந்திரம் வேறு, பொருளாதார வலிமை வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். வியாபாரிகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நாட்டிலும் பொருளாதாரம் படுத்துக் கிடக்கலாம்.

வரி விஷயம் இன்னும் நேரடியானது. இங்கே வரி விகிதத்தை நீங்கள் நிர்ணயிப்பதில்லை. அரசு எவ்வளவு செலவு செய்கிறதோ அதிலிருந்து அது தானாகப் பிறக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நிதி, காவல்துறைக்கு நிதி, பூங்காவுக்கு நிதி என்று வரிசையாக ஒப்புதல் கொடுத்தால் ஒவ்வொன்றும் வரியில் வந்து சேரும். புதியவர்கள் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நல்ல காரியம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமாகவே தோன்றும், கூட்டுத்தொகையை யாரும் பார்ப்பதில்லை.

சரிசெய்யும் முறை இது. சராசரியாக ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக, நாளுக்கு நான்கு பிரச்சினைகள் வரும்; ஒவ்வொன்றிலும் தரப்படும் விருப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிவு சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் ஐந்து வரைதான் சேர்த்து வைக்க முடியும், அதற்கு மேல் வராது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். ஒன்றுக்கு முடிவு சொன்னதும் வரும் பக்கத்தில் எந்தெந்தக் குறியீடு ஏறியது, எது இறங்கியது என்று காட்டும். அதைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்த விருப்பமும் பிடிக்கவில்லை என்றால் 'டிஸ்மிஸ்' செய்யலாம், அதனால் நாட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. சில நாள் இப்படிச் செய்த பிறகு 'டிரெண்ட்' கோட்டுப்படத்தைத் திறந்து, கோடு எந்த நாளில் வளைந்தது என்று பாருங்கள்.

இன்னொருவர் தேர்ந்தெடுத்த விருப்பத்தையே நீங்களும் தேர்ந்தெடுத்தால் அதே அளவு பலன் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாட்டின் இப்போதைய நிலையைப் பொறுத்து விளைவின் அளவு மாறும். மரண தண்டனை, கட்டாய ராணுவச் சேவை, மதுவிலக்கு போன்றவை 'பாலிசி'யாகப் பதிவாகிவிடும். அவற்றை நினைத்த நேரத்தில் நீக்க முடியாது. அதைத் தொடும் பிரச்சினை மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். மாறுதலுக்கு ஒரு விருப்பத்தை அழுத்திப் பார்க்கலாம் என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்து நாட்டின் மீது போர் தொடுப்பது எப்படி? அதற்கான பட்டன் எங்கே இருக்கிறது? (பள்ளி மாணவர், வேலூர்)

அப்படி ஒரு பட்டன் கிடையாது. ஒருவர் நாட்டை இன்னொருவர் அழிக்கவும் முடியாது. பாதுகாப்புத் துறைக்கு எவ்வளவு செலவு செய்தாலும் அது உங்கள் புள்ளிவிவரத்தில்தான் தெரியும். போர் வேண்டுபவர்கள் தளத்தின் விவாத மன்றங்களில் கதையாக எழுதி நடத்துகிறார்கள். 'என் படைக்கு இழப்பே இல்லை' என்று எழுதுபவரோடு யாரும் இரண்டாம் முறை சேர மாட்டார்கள்.

எண்ணும் ஆயுதமும் வேண்டுமென்றால் 2014இல் வந்த 'பாலிடிக்ஸ் அண்ட் வார்' பாருங்கள். அதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஒரு போர்ப் புள்ளி, அதிகபட்சம் 12. தரைத் தாக்குதலுக்கு 3 புள்ளி, வான் தாக்குதலுக்கு 4, ஏவுகணைக்கு 8, அணுகுண்டுக்கு முழு 12. போர் ஐந்து நாளில் முடிந்துவிடும். ஒரே நேரத்தில் மூன்று பேர் உங்கள் மேல் பாயலாம். கையிருப்புப் பணத்தையும் மூலப்பொருளையும் கூட்டணியின் வங்கியில் போடாமல் நாட்டிலேயே வைத்திருப்பவர்தான் முதலில் சூறையாடப்படுவார்.

கேள்வி: நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு மண்டலம் வைத்திருந்தோம். ஒருநாள் காலை பத்து மணிவாக்கில் யாரோ புகுந்து கொடியையும் முகப்பு வாசகத்தையும் மாற்றிவிட்டார்கள், இருவரை வெளியேற்றிவிட்டார்கள். கடவுச்சொல் திருட்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

திருட்டு இல்லை. ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்ட 'ரெய்டு' இது. காலை பத்து மணி என்று நீங்கள் எழுதியதே அதற்கு அடையாளம்.

விளையாட்டு நாளுக்கு இரண்டு முறை எல்லா மண்டலங்களையும் 'அப்டேட்' செய்கிறது. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவில் பெரியது தொடங்கும், நண்பகலில் சிறியது. இந்தியாவிலும் இலங்கையிலும் அது காலை 9.30, இரவு 9.30, அமெரிக்காவில் கோடைக்கால நேரம் முடிந்த பிறகு 10.30. சிங்கப்பூர், மலேசிய வாசகர்கள் இவற்றோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளவும். மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நகரும். ஒரு மண்டலத்தின் முறை வரும் அந்தக் கணத்தில், வேர்ல்ட் அசெம்பிளி உறுப்பினர்களில் அதிக 'எண்டார்ஸ்மென்ட்' (மற்ற உறுப்பினர்கள் தரும் ஆதரவு) வைத்திருப்பவர் யாரோ அவரே டெலிகேட், அதாவது மண்டலத்தின் பிரதிநிதி. ரெய்டர்கள் அந்தக் கணத்தைக் கணித்து, சில நொடிகள் முன்னால் கூட்டமாக நுழைந்து, தங்களில் ஒருவருக்கே எல்லாரும் ஆதரவு கொடுப்பார்கள். உங்கள் டெலிகேட்டுக்கு ஆதரவு நான்கு என்றால், தலைவரோடு சேர்த்து ஆறு பேர் வந்தால் அவர்களுக்குப் போதும். அதிகாரம் கைமாறியதும் கொடியும் எல்லைக் காவலும் அவர்கள் கையில்.

இப்போது செய்ய வேண்டியது: மீதமுள்ளவர்கள் ஒருவரும் வெளியேறக் கூடாது. மண்டலம் மாறினால் கொடுத்த ஆதரவும் வாங்கிய ஆதரவும் அழிந்துவிடும். அதோடு, ஒரு மண்டலத்தில் நீண்ட நாள் இருக்கும் நாட்டுக்கு 'இன்ஃப்ளுயன்ஸ்' (செல்வாக்கு) சேர்ந்துகொண்டே வரும். அது கூடிய நாட்டை வெளியேற்ற டெலிகேட் தன் இன்ஃப்ளுயன்ஸை அதிகமாகச் செலவழிக்க வேண்டும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதே அவர்களுக்குச் செலவு. எல்லாரும் பழைய டெலிகேட்டுக்கே ஆதரவைத் தொடருங்கள். வெளியேற்றப்பட்டவர்கள் 'தி ரிஜெக்டட் ரெல்ம்ஸ்' மண்டலத்தில் இருப்பார்கள். அவர்கள் மீது தடை போடப்படவில்லை என்றால் அடுத்த அப்டேட்டுக்கு முன் திரும்பி வரலாம். மண்டலங்களை மீட்பதையே தொண்டாகச் செய்யும் டிஃபெண்டர் அமைப்புகள் பல உண்டு. அவர்களுக்கு டெலிகிராம் அனுப்புங்கள். ரெய்டர்கள் கடவுச்சொல் போட்டுப் பூட்டினால், வேர்ல்ட் அசெம்பிளியின் பிரிவான பாதுகாப்பு மன்றத்தின் 'லிபரேஷன்' (விடுவிப்பு) தீர்மானம் அந்தப் பூட்டைச் செல்லாததாக்கும். ஆனால் அதற்கு வாக்கெடுப்பு நடக்க வேண்டும், நாள் பிடிக்கும்.

மீண்டு வந்த பிறகு, மண்டலத்தின் தலைமைப் பொறுப்பில் உள்ள நாடான கவர்னரின் மேல் கவனம் வையுங்கள். கவர்னர் நாடு மறையாமல் இருந்தால், டெலிகேட்டின் நிர்வாக அதிகாரத்தையே நீக்கி வைக்கலாம்; ரெய்டர் டெலிகேட் ஆனாலும் கையில் ஒன்றும் இருக்காது. வெறும் எண்டார்ஸ்மென்ட்டை நம்பும் மண்டலத்தை விட இது பலமடங்கு உறுதியானது என்பது எங்கள் கருத்து. ஏழு பேர் மட்டும் பழகும் மண்டலமாக இருந்தால் கடவுச்சொல்லும் நல்ல வழி. ஆள் சேர்க்க விரும்பும் மண்டலத்துக்கு அது ஆகாது, புதியவர் வாசலிலேயே திரும்பிவிடுவார்.

கேள்வி: நானும் தம்பியும் ஒரே வைஃபையில் விளையாடுகிறோம். இருவரும் வேர்ல்ட் அசெம்பிளியில் சேரலாமா? தீர்மானம் கொண்டுவர என்ன வேண்டும்? (வாசகி, தஞ்சாவூர்)

ஒருவர் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அசெம்பிளியில் ஆளுக்கு ஒன்றுதான். நீங்கள் இருவர் என்பதால் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் ஒரே இணைய முகவரியிலிருந்து இரு உறுப்பினர் வருவது நெறியாளர்கள் கண்ணில் படும். உதவிக் கோரிக்கைப் பக்கத்தில் முன்கூட்டியே விவரத்தைச் சொல்லிவைப்பது நல்லது. தம்பி ஊரில் இல்லாதபோது அவருக்காக நீங்கள் வாக்களிக்கப் போனால் அதுதான் ஆபத்து.

தீர்மானம் சமர்ப்பிக்க உங்களுக்கு இரண்டு எண்டார்ஸ்மென்ட் வேண்டும். பிறகு டெலிகேட்டுகளில் 6 சதவீதம் பேர் ஒப்புதல் கொடுத்தால் வாக்கெடுப்புக்குப் போகும், அது நான்கு நாள் நடக்கும். டெலிகேட்டின் வாக்கு அவருடைய எண்டார்ஸ்மென்ட் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது. எனவே பெரிய மண்டலங்களின் டெலிகேட்டுகளை ஒப்புக்கொள்ள வைக்காமல் எதுவும் தேறாது. வரைவை முதலில் மன்றத்தில் போட்டு, பிழை திருத்திய பிறகே சமர்ப்பியுங்கள். சமர்ப்பித்த வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

கேள்வி: வேர்ல்ட் அசெம்பிளி முன்பு ஐக்கிய நாடுகள் சபை என்றுதானே இருந்தது? (வாசகர், கோலாலம்பூர்)

ஆம். உண்மையான ஐ.நா. தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று 2008 தொடக்கத்தில் நோட்டீஸ் அனுப்பியது. அந்த ஆண்டு ஏப்ரலில் வேர்ல்ட் அசெம்பிளி ஆனது.

கேள்வி: தேர்வுக்காக ஒன்றரை மாதம் விளையாடவில்லை. நாட்டையே காணோம்! (மாணவர், சேலம்)

28 நாள் உள்நுழையாத நாடு மறைந்துவிடும். இனி நீண்ட விடுப்புக்கு முன் செட்டிங்ஸில் 'வெகேஷன் மோட்' போடுங்கள், 60 நாள் வரை தாங்கும். உங்கள் பெயரை வேறு யாரும் எடுக்க முடியாது; பழைய கடவுச்சொல்லோடு உள்நுழைந்தால் நாட்டை உயிர்ப்பிக்கலாம். லாசரஸ், ஒசைரிஸ், பால்டர் ஆகிய மண்டலங்களில் ஒன்றில் எழுவீர்கள். அசெம்பிளி உறுப்பினர் தகுதியும் எண்டார்ஸ்மென்ட்டுகளும் திரும்பாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மண்டலத்து நாடுகளின் புள்ளிவிவரத்தை பைத்தானில் இழுக்கிறேன். சில நிமிடத்தில் பிழை 429 வருகிறது. (மென்பொருள் பயிலுநர், சென்னை)

வேகக் கட்டுப்பாட்டை மீறுகிறீர்கள். 30 நொடிக்கு 50 கோரிக்கைதான் வரம்பு. பதிலோடு வரும் 'ரீட்ரை-ஆஃப்டர்' தலைப்பில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று இருக்கும், அதைப் படித்து அவ்வளவு நேரம் நிரலை நிறுத்துங்கள். யூசர்-ஏஜென்ட்டில் (நிரல் தன்னை அறிமுகப்படுத்தும் வரி) உங்கள் நாட்டின் பெயரையோ மின்னஞ்சலையோ கட்டாயம் கொடுங்கள். அடையாளம் இல்லாத கோரிக்கையைத் தடுத்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கான நாடுகள் என்றால் ஒவ்வொன்றாகக் கேட்பதே வீண். நாள்தோறும் வெளியாகும் முழுத் தரவுக் கோப்பை ஒருமுறை இறக்கி, உங்கள் மண்டலத்தை அதிலிருந்து வடிகட்டிக்கொள்ளுங்கள்.

தரவு எடுப்பது வரைக்கும் சரி. ஆனால் தளத்தின் பட்டன்களை ஸ்கிரிப்ட் வைத்துத் தொடர்ச்சியாக அழுத்த வைப்பது விதிமீறல். மனிதர் ஒருமுறை சொடுக்கினால் ஒரு கோரிக்கைதான் போக வேண்டும்.