பழைய கார் எர்த் கோளாறு: கேளுங்க, சொல்றேன்

கே: மாருதி 800. செல்ஃப் போட்டா 'டக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. நாலு தடவை போட்டதுல ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுது.

ப: கேபிள் சுடுறதுலயே விடை இருக்கு. இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல உட்கார்ந்திருக்கு. எர்த் கேபிள், அதாவது இன்ஜினையும் பாடியையும் பேட்டரியோட சேர்க்கிற கம்பி, கெட்டா செல்ஃப் கரண்ட் கிடைச்ச கம்பி வழியா திரும்பும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் ஈயக் கம்பத்துல, அதைக் கவ்வியிருக்கிற கிளாம்ப் மேல இல்லை. சிவப்பு, இன்ஜின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத இடத்துல. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம இருக்க இக்னிஷன் காயில் வயரைக் கழட்டி, நியூட்ரல்ல 5 விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட் வரை பரவாயில்லை, 0.5 தாண்டினா எர்த் போச்சு. சிவப்பு முனையை கியர்பாக்ஸ் போல்ட், லக் (எர்த் கேபிள் முனையில இருக்கிற உலோக வளையம்), கிளாம்ப்னு பேட்டரிப் பக்கமா நகர்த்திக்கிட்டே வாங்க. எதைத் தாண்டினதும் அளவு சட்டுனு இறங்குதோ, அங்கதான் கோளாறு. அதைக் கழட்டி ரெண்டு பக்கமும் பளிச்சுனு ஆகுற வரை உப்புத்தாள் போட்டு, ஸ்டார் வாஷரோட இறுக்குங்க. வாசலின் அதுக்கப்புறம், மேலாப்புல. நெகட்டிவை முதல்ல கழட்டணும், கடைசியில மாட்டணும்.

கே: மீட்டரை ஓம்ஸ்ல (தடை அளக்கிற இடத்துல) வச்சா 0.0 காட்டுது. எர்த் நல்லாத்தானே இருக்கு?

ப: மீட்டர் அனுப்புறது மில்லி ஆம்பியர். ஒரே ஒரு செம்பு இழை ஒட்டியிருந்தாலும் 0 காட்டும்.

கே: எங்க எலக்ட்ரீஷியன் பீப் சத்தம் வச்சுத்தான் பார்க்கிறார். 20 வருஷ அனுபவம்.

ப: கணக்கு போடுங்க. செல்ஃப் 150 ஆம்பியர் இழுத்தா 0.01 ஓம் தடையில 1.5 வோல்ட் போயிடும். 0.01 ஓமை உங்க மீட்டர் காட்டவே காட்டாது. அதோட வயர் தடையே அதைவிட அதிகம்.

கே: 21 வாட் பல்பு வச்சுப் பார்த்தா?

ப: பீப்புக்கு எவ்வளவோ மேல். ஆனா அது இழுக்கிறது 2 ஆம்பியர்கூட இல்லை. டெயில் லாம்ப்புக்குப் போதும், செல்ஃப்புக்குப் பத்தாது.

கே: பிரீமியர் பத்மினி கார். இண்டிகேட்டர் போட்டா டெயில் லாம்ப்பும் சேர்ந்து கண்சிமிட்டுது. ஃபிளாஷர் மாத்தியாச்சு.

ப: ஃபிளாஷர் காசு வீண். லாம்ப் ஹோல்டர் எர்த் துரு. கரண்ட் பக்கத்து பல்பு இழை வழியா சுத்திப் போகுது.

கே: ஹெட்லைட் போட்டா பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் ரெண்டும் நகருது.

ப: ரெண்டும் சேர்ந்து நகர்ந்தா மீட்டர் போர்டு எர்த். பெட்ரோல் முள் மட்டும்னா டேங்க் எர்த். நெகட்டிவ் முதல்ல!

கே: செல்ஃப் 'டக்'குங்குது, பேட்டரி மாத்தட்டுமா?

ப: முதல் பதில்.

கே: ஏசி கூலிங் கம்மி.

ப: ஏசி ஆளைப் பாருங்க.

கே: எர்த்திங் கிட் (கூடுதல் எர்த் கம்பிகள்) போட்டா மைலேஜ் ஏறுமா?

ப: இருக்கிற எர்த் சரியா இருந்தா ஒண்ணும் மாறாது.

கே: நெகட்டிவ் முதல்லன்னு திரும்பத் திரும்பச் சொல்றீங்க. என்னோடது 1950கள் மோரிஸ் மைனர். பாடியில இருக்கிறது பிளஸ்.

ப: சரியான கேள்வி. அதுல பாசிட்டிவ்தான் எர்த், அதனால பிளஸ்ஸை முதல்ல கழட்டுங்க. சோதிக்கும்போது சிவப்பு பிளஸ் கம்பத்துல, கறுப்பு பிளாக்ல. அளவுகள் அதேதான்.