முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் தாலாட்டு

மகள் தாய்ப்பால் குடித்தபடியேதான் தூங்குகிறாள், மறுபடி வேலையில் சேருமுன் அதை எப்படி மாற்றுவது என்று கேட்டு நீங்கள் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சுவரில் உதிரும் சுண்ணாம்பைத் தொட்டுத் தொட்டு நக்குகிறாள், கண்டித்தாலும் கேட்பதில்லை." நான் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை பால் குடித்தபடியே தூங்குவது நோயில்லை. அதைப் பழக்கத்தால் மாற்றலாம். ஆனால் சுண்ணாம்பு, மண், கரி என்று விடாமல் தேடித் தின்னும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மாமியார் பூச்சி என்கிறார், மருந்துக்கடைக்காரர் கால்சியம் போதவில்லை என்று ஒரு பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். குடற்புழு மாத்திரையை அங்கன்வாடியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தருவார்கள், இந்த வயதுக்கு அரை மாத்திரை, கொடுங்கள். கால்சியம் பாட்டிலை மூடி வையுங்கள். உணவில் வரும் இரும்பை உடம்பு உறிஞ்சுவதை அது இன்னும் குறைக்கும்.

கணக்கு எளிது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை தன்னோடு கொண்டுவரும் இரும்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு வரும். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம்கூட இரும்பு கிடையாது. இந்த வயதில் நாளொன்றுக்கு 7, 8 மில்லிகிராம் தேவை. தாய்ப்பாலைக் குறை சொல்லவில்லை. இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது, நீங்கள் செய்தது சரி. ஆனால் கூடவே சாப்பாடும் உள்ளே போக வேண்டுமே! உங்கள் மகள் ராத்திரி ஐந்து தடவை பால் குடிக்கிறாள், காலையில் பசி இல்லாமல் அரை இட்லியோடு எழுந்துவிடுகிறாள், "சாப்பிடவே மாட்டேன் என்கிறாள், பாலாவது குடிக்கட்டும்" என்று நீங்கள் மூன்று டம்ளர் பசும்பாலும் கொடுக்கிறீர்கள். இரும்பு குறைந்தால் பசி மேலும் மந்தமாகும், தூக்கமும் கலையும். ராத்திரி முழுக்கக் காலை உதைத்துப் புரள்கிறாள் என்றீர்களே, அதற்கும் இது காரணமாக இருக்கலாம். புரண்டு விழித்தால் மறுபடி பால். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறோம்.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும்போதும் ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம். சுவரில் பழைய பெயின்ட் உரிகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதில் ஈயம் இருக்கக்கூடும். குறைவு என்று தெரிந்தால் எடைக்கு ஏற்ற அளவில் இரும்பு மருந்து எழுதித் தருவார். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும், மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பாட்டிலைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், அளவு மீறிய இரும்பு குழந்தைக்கு விஷம். பசும்பாலை இரண்டு சின்ன டம்ளருக்குள் நிறுத்தி முட்டை, ஈரல், பருப்பு, கீரை என்று ஊட்டுங்கள், கீரையில் நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். பேரீச்சம்பழ சிரப்பால் ரத்தம் ஊறிய குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை, அதில் பெரும்பாலும் சர்க்கரைதான்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, தலை வியர்ப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள், ஒன்றுமில்லை.

ஆனால் பக்கத்து வீட்டுச் சளி சிரப்பை அரை ஸ்பூன் கொடுத்ததும் "இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள்" என்று எழுதியிருப்பதை விட மாட்டேன். அதைத் தூக்கம் என்று சொல்லாதீர்கள், மருந்து மயக்கம் அது. அந்த மாதிரி சிரப்புகளில் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் சேர்ந்திருக்கும். நாலு வயதுக்குக் கீழே அந்தக் கலவையைக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவும் யோசனையும் வேண்டாம். கொழுந்தை அரைத்துத் தடவுவது வேறு, எண்ணெய் வேறு. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே எழுதிவிட்டார்கள். தடவும்போது உள்ளே போவது கொஞ்சம்தான் என்றாலும், எவ்வளவு என்று யார் அளப்பது?

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருவோம். "அழவிட்டால் மூளை பாதிக்கும், அம்மா மேல் பாசம் போய்விடும் என்று யூடியூபில் பார்த்தேன்" என்கிறீர்கள். இப்படிப் படிப்படியாகத் தூங்கப் பழக்கிய குழந்தைகளை ஆறு வயது வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. மனநலத்திலோ பெற்றோரோடு உள்ள உறவிலோ மற்ற குழந்தைகளிடமிருந்து எந்த வித்தியாசமும் இல்லை. தவிர, நான் சொல்லப்போகும் முறையில் அவள் தனியாகக் கிடந்து அழப்போவதும் இல்லை. நம் வீடுகளில் எல்லோரும் ஒரே அறையில்தானே படுக்கிறோம், அது அப்படியே இருக்கட்டும். வாயில் பால் இல்லாமல் தூங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ராத்திரியில் எல்லாக் குழந்தைகளும் பல தடவை அரைகுறையாக விழிக்கும். எப்படித் தூங்கியதோ அதையே அப்போதும் தேடும். அதனால் மாற்ற வேண்டியது அந்த முதல் தூக்கத்தை. இரவுச் சாப்பாடு முடிந்து எட்டு மணி வாக்கில், விளக்கு எரியும் கூடத்தில், அவள் முழிப்பாக இருக்கும்போதே பால் கொடுத்துவிடுங்கள். பிறகு பல் தேய்த்து, உடை மாற்றி, பாயில் படுக்கவைத்து, தினமும் அதே பாட்டோ கதையோ. பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுங்கள், பால் மட்டும் கிடையாது. முதல் சில நாள் உங்கள் கணவரோ மாமியாரோ தட்டிக்கொடுத்தால் இன்னும் நல்லது, பால் வாசனை பக்கத்தில் இருந்தால் எந்தக் குழந்தை விடும்? தூளியில் போட்டு ஆட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அப்புறம் ராத்திரி ஐந்து தடவை எழுந்து தூளி ஆட்டுவீர்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் அரை மணி, முக்கால் மணி அழுவாள். தூக்கி அணைத்துக்கொள்ளலாம், பேசலாம், தண்ணீர் கொடுக்கலாம். முக்கால் மணி நேரம் தாங்கிவிட்டு மனம் இளகிப் பால் கொடுத்தீர்களானால் மறுநாள் ஒரு மணி நேரம் அழுவாள், குழந்தைகளுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரத்தில் அழுகை அடங்கினால் தட்டுவதைக் குறைத்து, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். நடுராத்திரி விழித்தாலும் இதே முறைதான். பகல் தூக்கம் நாலு மணிக்கு மேல் நீள வேண்டாம்.

பாலை முழுக்க நிறுத்த வேண்டிய அவசியமில்லை. காலையில் ஒரு தடவை, வேலையிலிருந்து திரும்பியதும் ஒரு தடவை தாராளமாகக் கொடுங்கள்.

வேலையில் சேர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது என்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், மருந்து தேவைப்பட்டால் தொடங்கிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை ராத்திரி இதை ஆரம்பிக்கலாம், மறுநாள் உங்கள் கணவர் வீட்டில் இருப்பார். இடையில் காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு, குணமானதும் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். வேலையில் சேரும் வாரத்தில் மட்டும் தொடங்காதீர்கள்.