வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது. ஆறு வயது மகளுக்கு வயலின் எப்படித் தொடங்குவது? முதலில் கீபோர்டு கற்பதுதான் நல்லதா?

‘வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது’ என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரி சுருக்கென்று குத்தியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. எங்கள் பரம்பரையிலேயே பாட்டு என்று யாரும் உட்கார்ந்ததில்லை. மகள் ஆறு வயதில் வயலின் தொட்டாள். இப்போது ஐந்தாம் வகுப்பு, தொடக்கப் பாடங்களெல்லாம் முடிந்து வர்ணம் வாசிக்கிறாள். ‘உனக்கென்ன தெரியும், நீ பேச வந்துட்டே’ என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: ராகம் கேட்டுப் பெயர் சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. ஆனால் ஒரு வயலினுக்குச் சுருதி சேர்க்க, அதாவது தந்திகளைச் சரியான ஒலிக்கு முறுக்கி நிறுத்தத் தெரியும். உங்களுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான் என்பது என் கட்சி.

நீங்கள் அனேகமாக இதற்குள் போனில் நாலைந்து வயலின் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வீட்டுக்கு முதல் வயலின் வந்த கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அது மச்சான் வாங்கிக்கொண்டு வந்தது. மகளுக்கு ஆசை வந்த செய்தி கேட்டதும் திருப்பூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். முழு அளவு வயலின். “வளர்ற புள்ளைங்க மாப்ள, பெருசாவே வாங்கிட்டா ஒரே செலவோட முடிஞ்சுரும்” என்றார். பள்ளிச் சீருடை எடுக்கிற கணக்குத்தான். மனிதர் அன்பாக வாங்கி வந்ததை அன்றைக்கு யார் என்ன சொல்ல முடியும்? அதையே தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு வகுப்பில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். சின்ன அறை, அறை நிறையக் குழந்தைகள், ஆளுக்கொரு வயலின், ஒன்றுக்கொன்று ஒட்டாத சுருதி. ஆசிரியர் வந்து நாலைந்து வயலினைத் திருகிச் சரிசெய்வதற்குள் பாதி நேரம் போய்விடும். மிச்சப் பேர் அப்படியே இழுக்க வேண்டியதுதான். என் மகள் கடைசி வரிசை.

சில மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு, “பாப்பாவுக்கு ஞானம் கம்மிங்க, கீபோர்டுல மாத்திருங்க” என்றார்கள். குழந்தையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் கேள்வியில் கீபோர்டு என்ற சொல்லைப் பார்த்ததும் கை பரபரத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கீபோர்டைப் பழிக்கவில்லை, கீபோர்டு ஆசிரியர்கள் தயவுசெய்து சண்டைக்கு வர வேண்டாம். விரலை வைத்த இடத்தில் சரியான சுரம் கிடைக்கும், குழந்தைக்கு முதல் நாளே சந்தோஷம். உங்கள் மகள் கீபோர்டு கேட்டால் கீபோர்டே வாங்கிக் கொடுங்கள். ஆனால் வயலின் கேட்கிற குழந்தையை ‘முதலில் இது, அப்புறம் அது’ என்று திருப்பி விடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதும் அசைப்பதும் கீபோர்டின் கட்டைகளில் கிடையாது. நம் கர்நாடக சங்கீதத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள். அப்புறம், வயலின் கழுத்தில் கட்டையும் இல்லை, கோடும் இல்லை. இடத்தைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காது பழகுவதை ஏன் தள்ளிப் போட வேண்டும்?

வகுப்பை நிறுத்திவிட்டு, வடவள்ளிப் பக்கம் ஓர் அம்மா வீட்டில் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறந்ததுமே, “இதை யாருங்க புள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது? இது நீங்க வாசிக்கிற சைஸுங்க” என்றார். மகளை உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி எனக்குக் காட்டினார். முழங்கை விறைத்துக்கொண்டு நேராக நின்றது. சுண்டுவிரல் எங்கேயும் எட்டவில்லை.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் தொடங்குவது மாயாமாளவகௌளை ராகத்தில், சரளி வரிசை என்கிற முதல் பாடத்தில். அதில் ச-வும் ரி-யும் ஒட்டி ஒட்டி இருக்கும். ரி-யிலிருந்து க-வுக்குப் போக அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம். திரும்ப க-வும் ம-வும் ஒட்டிக்கொள்ளும். முழு வயலினில் அந்த மூன்று மடங்கை ஆறு வயது விரல் எட்டிப் பிடிக்க முடியாது. க எப்போதும் கொஞ்சம் கீழேயே நிற்கும். ஞானம் கம்மி என்று சொன்னார்களே, அது இதுதான்.

வயலினில் முழு அளவு, முக்கால், அரை, கால், எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று வரை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அரை வயலின் என்பது பாதி நீளம் இல்லை. முழு வயலினின் உடல் 14 அங்குலம், அரையினுடையது 12-க்குச் சற்று மேலே. ஆறு வயதுக்குப் பெரும்பாலும் கால் அளவு, ஒடிசலான குழந்தையென்றால் எட்டில் ஒன்று. குழந்தையை நிற்க வைத்துத் தாடைக்கு அடியில் வயலினை வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியபடியே உள்ளங்கை வயலின் தலைச்சுருளைச் சுற்றிப் பிடித்தால் அளவு சரி. இது நின்று வாசிக்கிற மேல்நாட்டுக்காரர்கள் பார்க்கிற அளவுதான். ஆனாலும் சம்மணமிட்டு, சுருளை வலது கணுக்காலில் வைத்து வாசிக்கிற நம் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. ‘இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டுமே’ என்பீர்கள். ஆமாம், மாற்றத்தான் வேண்டும். பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த அளவு கொடுக்கிற ஆசிரியர்களும் கடைகளும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். மச்சான் கொடுத்த வயலின் பீரோ மேலே பத்திரமாக இருக்கிறது. அவர் வருகிற அன்றைக்கு மட்டும் கீழே இறங்கும்.

அந்த அம்மா அடுத்து ஒன்று கேட்டார்: “வீட்ல யாருங்க சுருதி சேப்பீங்க?” எனக்குக் கேள்வியே புரியவில்லை. அது டீச்சர் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பில் சேர்த்துக் கொடுத்த சுருதி வீட்டுக்கு வண்டியில் வருவதற்குள் இறங்கிவிடும், மறுநாள் காலையில் கேட்கவே வேண்டாம் என்றார். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, மிச்ச ஆறு நாளும் குழந்தை தப்பான சுருதியிலேயே சாதகம் செய்தால் காது அந்தத் தப்புக்குப் பழகிவிடும். தந்தியை முறுக்குகிற மர ஆணிக்குப் பிரடை என்று பெயர், அதைத் திருகுகிற பலம் அந்த வயதுக் கையில் கிடையாது. அதனால் அது பெரியவர்கள் வேலை.

இங்கேதான் எனக்கு உற்சாகம் வந்தது, கொஞ்சம் நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயலின் பிரடை என்பது வெறும் டேப்பர் பின், ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கிப் போகிற ஆணி. 30-க்கு 1 டேப்பர், அதாவது நீளம் 30 போனால் குறுக்களவு 1 குறையும். துளையிலும் அதே டேப்பர். மரை இல்லை, போல்ட் இல்லை, உராய்வில்தான் நிற்கிறது. அதனால் வெறுமனே திருகினால் நிற்காது, உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். முதலில் கொஞ்சம் தளர்த்தி, பிறகு மெதுவாக ஏற்றுங்கள். காற்றில் ஈரம் குறைந்தால் மரம் சுருங்கிப் பிரடை வழுக்கும், கொஞ்சம் சாக்பீஸ் தடவினால் பிடிக்கும். மழைக்காலத்தில் அதே பிரடை இறுகிக்கொண்டு அசையாது. பெரிய மாற்றத்துக்கு மட்டும் பிரடை. நுணுக்கமாகச் சேர்க்க வாலில் சின்னத் திருகுகள் இருக்கும், சின்ன வயலின் வாங்கும்போது நாலு தந்திக்கும் அந்தத் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தந்தி அறுந்தால் அறுந்துவிட்டுப் போகிறது, புதுசு மாட்டிக்கொள்ளலாம். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் முறையில் நாலு தந்தியும் ச, ப, ச, ப. எந்தச் சுருதி என்று ஆசிரியர் சொல்வார். போனில், தந்தி சரியாக நிற்கிறதா என்று முள்ளில் காட்டுகிற ஒரு டியூனர் செயலியும், சுருதியை விடாமல் ஒலிக்கிற தம்புரா செயலியும் இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் சில வாரம் கண்ணால் முள்ளைப் பார்த்துத்தான் சேர்த்தேன். பிறகு தம்புரா ஒலியோடு தந்தி ஒட்டுகிறதா, உரசுகிறதா என்று காதுக்கே தெரிய ஆரம்பித்தது. சங்கீதம் தெரியாத காதுக்கும் தெரியும், பட்டறையில் பேரிங் போன சத்தத்தைக் கண்டுபிடிக்கிற காதுதானே இது.

இது ஏதோ என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் ஷினிச்சி சுசுகி என்று ஒருவர் இருந்தார், 1898-இல் பிறந்தவர், அப்பா நகோயாவில் வயலின் தொழிற்சாலை நடத்தியவர். தாய்மொழி கற்கிற மாதிரியே குழந்தைகள் வயலினையும் கற்கலாம் என்று ஒரு முறையை உண்டாக்கினார். அவர் முறையில் அம்மாவோ அப்பாவோ வகுப்பில் கூடவே உட்கார வேண்டும், முதலில் அவர்களே கொஞ்சம் வாசிக்கக் கற்க வேண்டும். நம் பாடத்துக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் பெற்றோர் வெளியே செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

தாளமும் நீங்கள் போடலாம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அதற்கு மேல் தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. அவ்வளவுதான். சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசிப்பார்கள், இரண்டாம் காலத்தில் வேகம் இரட்டிக்கும், மூன்றாம் காலத்தில் அதற்கும் இரட்டிப்பு. தாளம் மட்டும் மாறாமல் நடக்கும். குழந்தை ஓடுவாள், நீங்கள் ஓடாதீர்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம், அதற்கு மேல் இழுத்தால் வில் கோணலாகப் போகும், முகமும் அப்படியே போகும்.

சொந்தக்காரர்கள் விஷயம். ஒரு காதுகுத்தில் எங்கள் பெரியப்பா எல்லார் முன்னாலும், “ஏன்டா, பட்டறைக்காரன் ஊட்டுல பிடிலு எதுக்குடா? அதெல்லாம் நமக்கு வருமா?” என்றார். பெரியவர், பதில் பேசவில்லை. இங்கே பேசிக்கொள்கிறேன். இந்த வயலினே நம் ஊர்க் கருவி இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில் வெள்ளைக்காரரிடம் கற்றுத்தான் நம் பாட்டுக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்று பேர் வாங்கிய இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதை வாசித்துத்தான் திருவாங்கூர் அரசர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாக வாங்கினார். இரண்டு பேர் வீட்டிலும் அதற்கு முன்னால் யாருக்கும் வயலின் தெரிந்திருக்காது. சங்கீதம் தெரிந்த வீடு அது, உன் வீடு அப்படியா என்று நீங்கள் மடக்கலாம், மடக்குங்கள். பெரியப்பாவுக்கு இது தெரியாது என்பதுதான் என் ஆறுதல். அதே பெரியப்பா போன பொங்கலுக்கு, “ஒரு சினிமாப் பாட்டு வாசி கண்ணு” என்கிறார்! சரளி வரிசை படிக்கிற குழந்தையை விருந்தாளி முன்னால் வாசிக்கச் சொல்லாதீர்கள். எங்கள் மகள் ஒரு தடவை வில்லைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள்.

அக்கம்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் வயலின் சத்தம் நன்றாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். மாடி வீட்டுக்காரர் “சாயங்காலம் அந்த கர்ர் சத்தத்தைக் கொஞ்சம் பார்த்துக்கங்க” என்று வந்து நின்றார். கால் மணி நேரச் சத்தம். அதே மனிதர் எங்கள் தெருவில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸை அடுக்கி, ஜன்னல் கண்ணாடி அதிர அதிர நடுராத்திரி வரை போடும்போது வாயைத் திறந்ததில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி போட்டாகிவிட்டது. யார் கேட்கிறார்கள்? போன் செய்தால் ‘பார்க்கிறோம் சார்’ என்பதோடு சரி. தேர்வு நேரத்தில்கூட இதே கூத்து. காது கேட்காமல் போன பிறகு சுருதி எங்கே சேர்ப்பது? சரி, இதைப் பேசினால் விடியும்.

செலவுக்குப் பயந்தால், உங்கள் ஊரில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அரசு நடத்துவது, 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு, கட்டணம் மிகக் குறைவு. வயலின் எல்லா இடத்திலும் இருக்காது, பாட்டு இருந்தால் பாட்டிலேயே சேர்த்துவிடுங்கள், வயலினுக்கு அது வீண் போகாது. வடவள்ளி அம்மாவும் வாயால் பாட வைத்துவிட்டுத்தான் வில்லைக் கையில் கொடுக்கிறார். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் 12 வயது ஆக வேண்டும், அது பிறகு.

வாங்கப் போகும்போது ஒன்று. கடையில் ‘கொண்டுபோக வசதியா நாலு தந்தியையும் தளர்த்திக் கொடுத்துரட்டுங்களா’ என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயலினுக்குள்ளே மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது, பசை கிடையாது, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. மேலே தந்திகளைத் தாங்கி நிற்கிற பிரிட்ஜும் அப்படியே. நாலையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் பிரிட்ஜ் சாயும், சில சமயம் குச்சியும் விழுந்துவிடும், அதை நிறுத்தத் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும். தந்தி மாற்றும்போதும் ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். வாங்குவதற்கு முன்னால் வயலினை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருளுகிற சத்தம் கேட்டால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.