ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் எப்போது முடியும்?

ஸ்பெயினில் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு. பல மெக்சிகோ வீடுகளில் பிப்ரவரி 2 வரைக்கும் போகும். நான் மெக்சிகோ சிட்டியில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது ராத்திரியும் 'போசாதா'. மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் தேடி அலைந்ததை நடிப்பார்கள். பாதிப் பேர் தெருவில் நின்று இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் பாடியே விரட்டுவார்கள். கடைசியில் கதவு திறக்கும். பிறகு 'போன்ச்சே' என்று ஒரு சூடான பானம்: கொய்யா, கரும்புத் துண்டு, புளி, பட்டை, வெல்லம் எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைத்தது. அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்த முதல் நாள் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் என் மனசில் நின்றது பாலன் இயேசுதான். அந்த வீட்டுப் பாட்டி வைத்த குடிலில் மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் இருக்கும், தொட்டி மட்டும் காலி. 24-ம் தேதி ராத்திரிதான் பாலன் சுரூபத்தை எடுப்பார். முழங்கை நீளம்கூட இருக்காது. சுண்டுவிரல் ஒடிந்து ஒட்டவைத்த கோடு தெரியும். அதை ஒரு துணியில் கிடத்தி, இரண்டு பேர் முனைகளைப் பிடித்துத் தூளி மாதிரி ஆட்ட, எல்லாரும் தாலாட்டுப் பாடுவார்கள். பிறகுதான் தொட்டி.

ஜனவரி 6 அன்று 'ரோஸ்கா' வெட்டுவார்கள். பெரிய வளையமாகச் சுட்ட இனிப்பு ரொட்டி. உள்ளே குட்டிப் பொம்மைக் குழந்தைகளை ஒளித்து வைத்திருப்பார்கள். ஏரோது ராஜாவிடமிருந்து பாலனை மறைத்ததை நினைத்து. பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி 2-க்கு எல்லாருக்கும் 'தமால்' வாங்கித் தரவேண்டும். மக்காச்சோள மாவை அதன் மடலிலேயே சுற்றி ஆவியில் வேகவைப்பது, நம்ம இலைக்கொழுக்கட்டை போல.

இரண்டாவது வருஷம் என் துண்டில் வந்தது. தமால் மட்டும்தான் என்று நினைத்தேன். பாட்டி, "இனி நீதான் மத்ரினா" என்றார். ஞானத்தாய்! பாலனுக்குப் புது உடுப்பு நான்தான் எடுக்கவேண்டும். மெர்செட் பகுதியில் தலவேரா தெரு முழுக்க இதற்கான கடைகள்தான். விரல் நீளச் செருப்பு, கிரீடம், குட்டி நாற்காலி. வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்தேன்.

பிப்ரவரி 2, பாலன் பிறந்து நாற்பதாம் நாள், கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த நாள். மெழுகுவர்த்தி மந்திரிக்க ஊரே கோவிலுக்குப் போகும், ஆளுக்கொரு பாலனைத் தூக்கிக்கொண்டு. வாசற்படியில் பாட்டி சுரூபத்தை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிய விதம் பிடிக்கவில்லை போல. என் உள்ளங்கையை நகர்த்தி அதன் பிடரிக்கு அடியில் வைத்துவிட்டு, "தலையைத் தாங்கிப் பிடி, மிஹா (மகளே)" என்றார்.