மூன்று கண் புரொஜெக்டர்: டியூப்பைத் திட்டுவதற்கு முன்

சுங்கை சிப்புட்டில் வெகுகாலம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். மண்டபங்களில் தொங்கிய பழைய சிஆர்டி புரொஜெக்டர்கள் (சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படக்குழாய், அதாவது டியூப், மூன்று லென்ஸ் வழியாகத் திரையில் படம் காட்டும் மிஷின்கள்) இப்போது தோட்டத்து வீடுகள் வரை வந்துவிட்டன. கூடவே கேள்விகளும் வந்துவிட்டன.

அண்ணே, படம் பனிமூட்டத்துக்குள் ஓடுவது போல் இருக்கிறது. டியூப் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள் தம்பி. மிஷினை அணைத்து, ஆறவிட்டு, மூன்று லென்ஸ் வழியாகவும் டார்ச் அடித்துப் பாருங்கள். டியூப்பின் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே, சூட்டை வாங்கிக்கொள்ள கிளைக்கால் (glycol) என்ற தெளிவான திரவத்தை நிரப்பியிருப்பார்கள். நாள்பட்டால் அதில் பூஞ்சை பிடிக்கும். பாசி மாதிரி நூல் நூலாக மிதக்கும், இல்லாவிட்டால் மொத்தமும் கலங்கிவிடும். போன வருடம் ஒன்றைத் திறந்தேன், தே தாரே (ஆற்றிய பால் டீ) போலக் கலங்கிய திரவம் வடிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் புதிதாக நிரப்பியதும் படம் பளிச்சென்று வந்தது. உடைமைக்காரர் அதற்குள் அந்த டியூப்பைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தார்!

கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவதை இதில் ஊற்றாதீர்கள்; அதில் சாயம் இருக்கிறது, படத்தின் நிறம் கெடும். வடித்த கிளைக்காலைத் திறந்து வைக்கவும் வேண்டாம். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். பூனை நக்கினால் பிழைக்காது.

கிளைக்கால் தெளிவாக இருந்தும், டியூப்பின் முகத்தில் பழுப்பாகப் பெட்டி வடிவத்தில் தழும்பு தெரிந்தால் அது பாஸ்பர் (டியூப்பின் முகத்தில் உள்ளே பூசிய, ஒளிவிடும் பூச்சு) எரிந்த அடையாளம். அதற்கு மருந்து இல்லை. நீலம் மட்டும் கொஞ்சம் மழுங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெளிச்சம் கூடுவதற்காக நீலத்தின் போக்கஸை வேண்டுமென்றே சற்றுத் தளர்த்தி வைப்பது வழக்கம்.

அங்கிள், சிவப்பு வரவே இல்லை.

ஆர்ஜிபி வயர்தானே, அதாவது சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி வயர்தானே போட்டிருக்கிறீர்கள்? சிவப்பு வயரையும் பச்சை வயரையும் மிஷின் பக்கம் மாற்றிச் சொருகுங்கள். இப்போது பச்சை காணாமல் போனால் கோளாறு வயரிலோ, படம் அனுப்பும் பெட்டியிலோ. மாற்றிய பிறகும் சிவப்பே வராவிட்டால் மிஷினுக்குள்தான்.

போட்டதும் டிக்கென்று அணைந்துவிடுகிறது. மழை நாளில் கூடுதலாக.

உள்ளே ஏதோ தப்பென்று தெரிந்து மிஷின் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்பச் சுவிட்சைத் தட்டாதீர்கள். 'ஸ்ஸ்' என்ற சத்தமும் மின்னலடித்த மாதிரி வாடையும் வந்தால், ஈரத்தில் உயர் மின்னழுத்தம் கசிகிறது. அங்கே ஓடுவது 30,000 வோல்ட் சுமாருக்கு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூடியைக் கழற்றுவது பழகினவர் வேலை. அவரிடம் முதலில் பழைய கெப்பாசிட்டர்களையும், வெடித்த ஈய ஒட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து பாதி மிஷின் அங்கேயே பிழைத்துவிடும்.

ராத்திரி மூன்று நிறத்தின் கோடுகளையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்தேன். காலையில் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நிழல்.

போட்டு அரை மணி நேரம் சூடேறின பிறகு பாருங்கள், அது வரைக்கும் கை வைக்காதீர்கள். அப்புறம், பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் எதையாவது நகர்த்தினீர்களா? அதன் காந்தமே படத்தை இழுக்கும்.

சீலிங்கில் இருப்பதை நானும் தம்பியும் இறக்கிவிடலாமா?

வேண்டாம் ஐயா. சில மிஷின் ஓர் ஆள் எடை இருக்கும். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்.